எழுந்திருக்கும் ஐந்து படங்கள்

அன்று என் கடையில் இருந்தவர்கள்: நான், அந்தப் பெண், அவளுடைய தாய்மாமா, ஒரு காலத்தில் வள்ளியூரில் பிரௌசிங் சென்டர் நடத்திய அண்ணாச்சி. நான்கு பேர். பெண்ணின் அம்மா மாடி ஏறவில்லை. கீழே பேக்கரி வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரையும் சேர்த்தால் ஐந்து. சேர்க்கத்தான் வேண்டும். அன்று நாங்கள் கூடியதே அவருடைய புருஷனைப் பார்ப்பதற்காகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு லாட்ஜுக்குப் பக்கத்து மாடியில் என் கடை. கம்ப்யூட்டர் ரிப்பேர். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். வேலையைக் கையால் கற்றுக்கொண்டேன். அதனாலேயோ என்னவோ, எதைச் செய்தாலும் தப்பாகச் செய்துவிட்டோமோ என்ற உதறல் இன்னும் போகவில்லை. கடையைப் பூட்டிவிட்டுப் பஸ் ஸ்டாண்டு வரை போய், சால்டரிங் அயர்னை அணைத்தோமா என்று திரும்பி வந்து பார்த்த நாட்கள் நிறைய உண்டு. ஒரு நாள்கூட அது எரிந்துகொண்டிருந்ததில்லை.

பத்து வருஷமாக இன்னொரு வேலையும் செய்கிறேன். அதில் வருமானம் கிடையாது. மூடிப்போன பிரௌசிங் சென்டர்களின் ஹார்டு டிஸ்க்குகளைப் பழைய இரும்புக் கடைகளில் எடை போட்டு வாங்கி, உள்ளே நம் ஊர்ப் பையன்கள் செய்த கேம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுவேன். கம்பெனி கேம் அல்ல. அதைப் பிரித்து, நம் ஆட்களையும் நம் ரோடுகளையும் உள்ளே ஏற்றிச் செய்தவை. தெருக் கிரிக்கெட் அணிகளை வைத்து ஒன்று கிடைத்தது. மாஞ்சோலை மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிற கேம் ஒன்று இருக்கிறது. தேயிலை எஸ்டேட் மூடப்பட்டு, அங்கே இருந்தவர்கள் கீழே இறங்கி வந்த பிறகு அதைக் கேட்டு மூன்று பேர் என் மாடி ஏறினார்கள். இதையெல்லாம் செய்தவர்களிடமே பழைய வெர்ஷன் இருக்காது. புதியது தயாரானதும் பழையதன் மேலேயே பதிந்துவிடுவார்கள். கிடைத்ததை நான் மூன்று பிரதி எடுத்து, மூன்று வீட்டில் வைக்கிறேன். என்னைப் போலவே இந்தக் கிறுக்குப் பிடித்தவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள்; இணையத்தில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் ‘தசரா ஃபைட்’ என்ற கேமுக்கு எதிரே ஒன்று, இரண்டு, நான்கு என்று மூன்று வெர்ஷன்களை நான் ஏற்றியிருந்தேன். மூன்றாவதற்கு நேராக ‘கிடைக்கவில்லை’ என்று எழுதியிருந்தேன். பொய் அது. கிடைக்காமல் போனதல்ல, போக்கியது.

தசரா ஃபைட்டைச் செய்தது அண்ணாச்சியும் நானும். பதினேழு வருஷத்துக்கு முந்திய கதை. எனக்கு அப்போது இருபது வயது. அண்ணாச்சியின் சென்டரில் சிடி எழுதித் தருவதும் கம்ப்யூட்டர்களைத் துடைப்பதும் என் வேலை. சண்டை கேம் பைத்தியங்கள் தாங்களே செய்து இலவசமாக விட்டிருந்த ஒரு மென்பொருள் கையில் கிடைத்தது. அதில் யாரை வேண்டுமானாலும் சண்டைக்காரனாக ஏற்றலாம். ஆளை நிற்க வைத்து, நடக்க, குதிக்க, குத்த, விழ, எழுந்திருக்க என்று ஒவ்வொரு அசைவுக்கும் ஐந்தாறு போட்டோ எடுத்து, பின்னணியை வெட்டி உள்ளே கொடுத்தால் போதும், ஆடும்.

எங்கள் தெருவில் ஒரு தசரா செட் உண்டு. மாலை போட்டு, புரட்டாசியில் வேஷம் கட்டி, ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி, பத்தாம் நாள் குலசை அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். போலீஸ், கரடி, எமன், டாக்டர் எல்லாரும் இருக்கும்போது சண்டைக்கு ஆளா பஞ்சம்? முதல் வருஷம் நான்கு வேஷங்களை ஏற்றினோம். அடுத்த வருஷம் ஏழு. மணிக்குப் பதினைந்து ரூபாய் வாங்கிய சென்டரில் தசரா ஃபைட் ஆட இருபது ரூபாய். தெருவில் பார்க்கிற கரடியும் எமனும் பெட்டிக்குள் உருண்டு புரள்வதைப் பார்க்கக் கூட்டம் நெருக்கியது.

மூன்றாம் வருஷம்தான் காளியை ஏற்றினோம். அந்த வருஷம் செட்டில் காளி கட்டியவர் வாழைத்தார் சுமக்கிறவர். ஆற்றங்கரைத் தோட்டங்களுக்குப் போய் லாரியில் தார் ஏற்றிவிட்டு வருவார். கல்யாணமாகி மூன்று வருஷம், இரண்டு வயதில் ஒரு பெண் பிள்ளை. மாலை போட்ட பிறகு வேஷத்தோடு இந்த மாதிரிக் கூத்தெல்லாம் கூடாது என்று அவருக்குத் தெரியும். அதனால் மாலை போடுவதற்கு முந்தின வாரமே சென்டருக்கு வந்தார். கிரீடமும் அட்டைக் கைகளும் மட்டும்தான் மாட்டிக்கொண்டார். “மூஞ்சில சாயம் பூச மாட்டேன்பா. அதுக்கு விரதம் இருக்கணும்” என்று சொல்லிவிட்டார். ஆகவே எங்கள் காளிக்கு அவருடைய சொந்த முகமே இருந்தது. நாற்பத்தாறு படங்கள் எடுத்தேன். விழுவதற்கு ஏழு. விழுந்தவர் எழுந்திருப்பதற்கு ஐந்து. தரையில் நீலத் தார்ப்பாய் விரித்து அதன் மேல் விழச் சொன்னேன். கிரீடம் கழன்று மேசைக்கு அடியில் உருண்டு ஓடியது. அவர் படுத்த வாக்கிலேயே சிரித்தார்.

சிடி வெளியே போன நாலாம் நாள் செட் தலைவர் சென்டருக்குள் நுழைந்தார். பின்னால் ஐந்தாறு பேர்.

“ஏலே, நாப்பத்தொரு நாள் விரதம் இருந்து காளி கட்டுதான். அந்தக் காளிய ஒரு போலீஸ்காரன் மிதிச்சுத் தள்ளுதான். நீங்க ரூவா வாங்கிட்டு அத வேடிக்க காட்டுதியளாக்கும்?”

போலீஸ் வேஷம் கட்டுகிறவர் காய்கறி வண்டிக்காரர், ஊதினால் பறக்கிற உடம்பு. அவரும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றார். “நான் பொறந்ததுல இருந்து ஒரு ஆள அடிச்சிருக்கேன்னா அது இந்தப் பெட்டிக்குள்ளதான் தலைவரே. அதையும் பிடுங்காதிய” என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை.

காளி கட்டுகிறவரும் வந்திருந்தார், கழுத்தில் மாலையோடு. “விழட்டும் தலைவரே. விழுந்தா எந்திரிக்கப் போறேன். அதுக்கும் அஞ்சு படம் எடுத்து வச்சிருக்காம்லா” என்று என்னைக் கை காட்டினார்.

“நீ சும்மா இருவே. அம்மன் விழலாமா? அந்தப் படம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்” என்றார் தலைவர்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் சரி என்று தலையாட்டினேன். அம்மனிடம் பயமா, தலைவரிடம் பயமா என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. அன்றே உட்கார்ந்து விழுகிற ஏழு படங்களையும் அழித்தேன். விழாதவர் எதற்கு எழுந்திருக்க வேண்டும்? அந்த ஐந்தையும் அழித்தேன். ஆனால் அந்த மென்பொருளில் ஒரு படம் குறைந்தாலும் கேம் பாதியில் நின்றுவிடும். அதனால் பன்னிரண்டு இடத்திலும் ஒன்றுமே இல்லாத வெறும் படத்தைப் போட்டேன். அடி விழுந்தால் காளி விழ மாட்டார். இருந்த இடத்தில் இல்லாமல் போவார். தலைவர் ஆடிப் பார்த்துவிட்டு, “ஆ, இது சரி. அம்மன் மறைஞ்சிருதா” என்று திருப்தியாகப் போனார்.

ஐப்பசிக் கடைசியில் ஆற்றில் வெள்ளம். தார் ஏற்றிவிட்டு ஒரு தரைப்பாலத்தைக் கடந்தவர் வீடு வரவில்லை. மறுநாள் தடுப்புச் சுவரில் மாட்டிக் கிடந்த பைக் கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை. பத்து நாள் தேடினார்கள். கடல் சேர்கிற இடம் வரைக்கும் போய்ப் பார்த்தார்கள். இல்லை.

தெருவில் யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுத்துப் பேசியாவது இருப்பேன். செட்டுக்காரர்கள் தங்களிடம் இருந்த சிடிக்களை உடைத்துப் போட்டதாகக் கேள்விப்பட்டேன். அண்ணாச்சியின் சொந்தக் கம்ப்யூட்டர் தவிர, சென்டர் கம்ப்யூட்டர்களில் இருந்த மூன்றாம் வெர்ஷனை நானே துடைத்தேன்; அடுத்த வருஷம் செய்த நான்காவதில் காளியே இல்லை. கடைசியாக என்னிடம் ஒரு சிடி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி அந்தத் தரைப்பாலத்துக்குப் போய், ஒரு எலுமிச்சம் பழத்தோடு சேர்த்து ஆற்றில் விட்டேன். பரிகாரம் என்று நினைத்தேன். சிடி உடனே முழுகவில்லை. வெயிலில் மின்னிக்கொண்டே கொஞ்ச தூரம் போனது.

போன வைகாசியில் அந்தப் பெண் கடைக்கு வந்தாள். பத்தொன்பது வயது. ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அந்த நெற்றி அப்படி.

“அப்பாவக் கம்ப்யூட்டர்ல ஏத்துனாவன்னு அம்மா சொல்லுவா. நீங்கதான் பழைய கேமெல்லாம் எடுத்து வைக்கியளாமே அண்ணே?”

வீட்டில் அவருடைய படம் இரண்டுதான் இருந்தது. ஒன்று கல்யாணப் படம், இன்னொன்று ரேஷன் கார்டில் இருப்பது. “ரெண்டுலயும் வெறைச்சுப் போய் நிக்காவ. எப்படி நடப்பாவன்னு பாக்கணும். ஒரு தடவ போதும்” என்றாள். அம்மா இன்னும் குங்குமம் வைக்கிறார் என்றாள். உடல் கிடைக்காததால் அவர் எதையும் கழற்றவில்லை. இறப்புச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுக்க மாமா கூப்பிட்டபோதெல்லாம் போக மறுத்துவிட்டார்.

கிடைக்கவில்லை என்று அவளிடமும் சொன்னேன். அவள் படியிறங்கிய பிறகு மூன்று நாள் தாக்குப்பிடித்தேன். நாலாம் நாள் அண்ணாச்சியைத் தேடிப் போனேன். இப்போது மகனோடு ஜங்ஷன் பக்கம் ஆற்றை ஒட்டிக் குடியிருக்கிறார். சில வருஷத்துக்கு முந்திய பெருவெள்ளத்தில் அவர் வீட்டுக்குள்ளும் இடுப்பளவு தண்ணீர் வந்திருந்தது.

“என் சொந்தக் கம்ப்யூட்டர் டிஸ்க்கா? அது உண்டும்லா” என்றார். “சென்டர மூடுன அன்னைக்குக் கழட்டி பிஸ்கட் டப்பாக்குள்ள போட்டேன். வெள்ளத்துல பத்திரம் போச்சு, பாத்திரம் போச்சு, இந்தச் சவம் மட்டும் டப்பாவோட மெதந்து வந்து கதவுல முட்டிக்கிட்டு நிக்குது.”

டப்பாவுக்குள் தண்ணீர் கசிந்து டிஸ்க் துருப்பிடித்திருந்தது. என் கையால் ஆகாது. மதுரையில் அழிந்ததை மீட்டுத் தருகிற ஒருவரிடம் அனுப்பினேன். ஒன்பதாயிரம் கேட்டார், கொடுத்தேன். பெண்ணிடம் இலவசம் என்றேன். அந்த ஒன்றரை மாதமும் அது கிடைத்துவிடுமோ என்று ஒரு பயம், கிடைக்காமல் போய்விடுமோ என்று ஒரு பயம். இரண்டும் மாறி மாறி வந்தன.

கிடைத்தது. மூன்றாம் வெர்ஷனின் மற்ற வேஷங்களெல்லாம் அநேகமாக முழுசாக இருந்தன. காளியின் முப்பத்துநான்கு படங்களில் பத்தொன்பதுதான் மிஞ்சியிருந்தன. நான் போட்ட வெறும் படங்கள் பன்னிரண்டும் ஒரு சேதமும் இல்லாமல் வந்திருந்தன. அளவு சின்னதாக இருந்தால் பிழைத்துக்கொள்ளும் என்று மதுரைக்காரர் போனில் விளக்கினார். காணாமல் போன பதினைந்து இடங்களை நிரப்பாவிட்டால் கேம் ஓடாது. அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தனியாக உட்கார்ந்து, அந்தப் பதினைந்திலும் வெறும் படத்தை வைத்தேன். முன்பு செய்த அதே வேலை.

மூன்று மணிக்கு எல்லாரும் வந்தார்கள். மாமா ஆட்டோ ஓட்டுகிறவர், சத்தமான ஆள்.

“என்னவே, கரண்டு பில் கட்ட மறந்தவன் மாதிரி முழிக்கீரே. போடும் படத்த.”

போட்டேன். நீலப் பின்னணியில் குலசைக் கடற்கரை மாதிரி அண்ணாச்சி வரைந்திருந்த மணல். வலது பக்கம் போலீஸ், இடது பக்கம் காளி. கிரீடம், அட்டைக் கைகள், நடுவில் அந்த முகம். அந்தப் பெண் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

“எத அமுக்கணும்?”

“அம்புக்குறிய அமுக்கிப் பிடி, நடப்பாவ.”

நடப்பதற்கு ஆறு படங்கள். மூன்றுதான் இருந்தன. அவர் தெரிந்தார், இல்லை, தெரிந்தார், இல்லை. அப்படியே போலீஸ் அருகே போய் நின்றார். அவள் திரும்பவும் பின்னால் கொண்டுவந்து திரும்பவும் நடக்கவிட்டாள். நான்கு முறை, ஐந்து முறை.

“மாமா, அப்பா இப்படித்தான் நடப்பாவளா?”

“இல்லட்டி. மச்சான் கையை வீசி நடப்பாரு, பஸ்ஸுக்குப் போறவரு மாதிரி. இது ட்யூப் லைட்டு மாதிரில்லா மினுங்குது.”

அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அதற்குள் யாரும் தொடாமல் இருந்த போலீஸ் தானாகவே முன்னால் வந்து அடித்துவிட்டது. அந்தக் கேம் அப்படித்தான், சும்மா நின்றால் எதிராளி அடிப்பான். நான் பிளக்கைப் பிடுங்கியிருக்கலாம். இரண்டாவது அடியில் காளி மறைந்தார். மணல் மட்டும் இருந்தது. போலீஸ் தொப்பியைத் தூக்கி ஆடியது.

“ஏலே, என்னலே இது? ஆள எங்க?” என்று மாமா எழுந்துவிட்டார்.

சொன்னேன். செட் தலைவர் வந்தது, ஏழு படம், ஐந்து படம், வெறும் படம், எலுமிச்சம் பழம், எல்லாம். அண்ணாச்சிக்கே சிடியை ஆற்றில் விட்டது தெரியாது. மாமா ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அதை வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பெண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “விழுந்த பொறவு எந்திரிக்கிற மாதிரி அஞ்சு படம் எடுத்தியளா?”

“ஆமா.”

“அதையும் சேத்தா அழிச்சிய?”

“ஆமாம்மா.”

“அழிச்சத இன்னும் தோண்டி எடுக்க முடியாதா?”

முடியலாம், முடியாமலும் போகலாம் என்றேன். டிஸ்க்கின் அடியில் எங்காவது தடம் இருக்கலாம். மறுபடி மதுரைக்கு அனுப்ப வேண்டும். அவள், “அனுப்புங்க. எனக்கு எந்திரிக்கிறதுதான் வேணும்” என்று எழுந்து, மாமாவுக்கு முன்னால் படியிறங்கிப் போய்விட்டாள். ஜன்னல் வழியே பார்த்தேன். கீழே அம்மாவிடம் அவள் ஏதோ சொன்னாள். அந்த அம்மா நிமிர்ந்து என் ஜன்னலைப் பார்த்தார். நான் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

இரண்டாவது முறைக்குப் பன்னிரண்டாயிரம் என்றார் மதுரைக்காரர். ஐயாயிரத்து ஐந்நூறு முன்பணம் போட்டேன். இரண்டு மாதம் கழித்து ஒரே ஒரு படம் வந்தது. எழுந்திருக்கும் ஐந்தில் ஒன்றுகூட இல்லை. விழுகிற ஏழில் கடைசி. நீலத் தார்ப்பாயின் மேல் மல்லாந்து கிடக்கிறார். கிரீடம் இல்லை. அட்டைக் கைகள் உடம்புக்கு அடியில் மடங்கியிருக்கின்றன. கண் மூடியிருக்கிறது. அவர் அப்போது சிரித்தது எனக்கு நிச்சயமாக நினைவிருக்கிறது. படத்தில் சிரிப்பு இல்லை. சிரிப்பதற்கு ஒரு நொடி முன்னால் எடுத்துவிட்டேன் போலிருக்கிறது.

இந்த முறை அம்மா மாடி ஏறி வந்தார். மகளும் அவரும் மட்டும். நான் திரையில் போட்டுவிட்டு ஓரமாக நின்றேன். அவர் உட்காரவில்லை. பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

“கண்ணு மூடியிருக்காவ.”

“வெளிச்சம் பட்டு மூடியிருப்பாவம்மா. வேற ஒண்ணும் இல்ல” என்றேன்.

“எங்கன கெடக்காவ?”

“எங்க சென்டர்லதான். தார்ப்பாய்ல.”

“தார்ப்பாய்ல” என்று திருப்பிச் சொன்னார். “இத ஒரு காப்பி போட்டுத் தாரியளா?”

போட்டுக் கொடுத்தேன். ரூபாயை நீட்டினார், வாங்கவில்லை. மேசையில் வைத்துவிட்டுப் போனார். படியில் மகள் கையைப் பிடிக்கப் போனாள். “பையப் பைய வாரேன், நீ போ” என்றார்.

மறுநாள் காலை பெண் போனில் கூப்பிட்டாள். பின்னால் ஆட்கள் பேசும் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம்.

“அம்மா நேத்து சாயங்காலம் அந்தப் படத்தத் தரையில வச்சு அழுதா அண்ணே. இத்தன வருஷத்துல நான் அப்படிப் பாத்ததே இல்ல. பொறவு குங்குமத்த அழிச்சுட்டுத் தல முழுகிட்டா. சொந்தக்காரவுகளுக்கெல்லாம் சொல்லிவிட்டாச்சு, வந்துக்கிட்டு இருக்காவ.” குரலைத் தாழ்த்தினாள். “நீங்க வர வேண்டாம்னு மாமா சொல்லுதாவ.”

“சரிம்மா.”

“இனி தேட வேண்டாம். எந்திரிக்கிற படம் இப்ப வந்தாலும் அம்மா கண்ணுல படக் கூடாது.”

அந்த வார்த்தையைத்தான் இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன். இணையப் பட்டியலில் மூன்றாம் வெர்ஷனுக்கு நேராக இருந்த ‘கிடைக்கவில்லை’யை எடுத்துவிட்டேன். வேறு என்ன எழுதுவது என்று தெரியாமல் வெறுமையாக விட்டிருக்கிறேன். கிடைத்த பத்தொன்பது படங்களையும் அந்த ஒன்றையும் வழக்கம்போல் மூன்று பிரதி எடுத்தேன். மூன்றும் என் வீட்டில்தான் இருக்கின்றன. வேறு வீட்டில் கொண்டுபோய் வைக்க மனசு வரவில்லை.

போன வாரம் மதுரைக்காரர் கூப்பிட்டார். டிஸ்க்கில் இன்னும் ஒரு மூலையைத் துழாவவில்லை, இன்னும் நாலைந்து படம் வரலாம், பார்க்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், டிஸ்க்கை அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள் என்றேன். பாக்கியைத் தீர்த்தால்தான் அனுப்புவேன் என்றார். ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய். இன்னும் அனுப்பவில்லை.